பழைய ஜீப்பில் கிராஸ் மாற்றி மாற்றி ஓய்ந்து, கடைசியில் தீர்ந்த கதை

தாண்டிக்குடிப் பக்கம் காபி, மிளகு மூட்டை ஏற்றுகிற எங்கள் வண்டி பழைய மஹிந்திரா 540 ஜீப். குட்டை வண்டி, அதனால் கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் குட்டை. செகண்ட் ஹேண்டில் வாங்கியதிலிருந்து அந்த ஷாஃப்டின் கிராஸ் (இரண்டு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டின் கூட்டல் குறி வடிவ இரும்பு) ஒரு மழைக்காலத்தை உருப்படியாகத் தாண்டியதில்லை. முதலில் ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் கியருக்கு மாற்றும்போது ‘டக்’ என்று ஒரு அடி. அப்புறம் மெதுவாக உருளும்போது குருவி கத்துகிற மாதிரி கீச் சத்தம். கடைசியில் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே சீட் அதிரும்.

போன பட்டறையில் எல்லாம் சொன்னது ஒன்றுதான்: “டூப்ளிகேட் கிராஸ் சார், ஒரிஜினல் போடுங்க.” ஒரிஜினலும் போட்டோம், அதுவும் போனது. ஆனால் ஒவ்வொரு முறையும் போனது கியர்பாக்ஸ் பக்கத்து முனை மட்டுமே. பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் பக்கத்துக் கிராஸ் நன்றாகவே இருந்தது. சரக்கு மட்டம் என்றால் இரண்டும்தானே போக வேண்டும்?

கழற்றிய கிராஸைத் தூக்கி எறியாமல் துடைத்துப் பார்ப்பது நல்லது. கிராஸின் நான்கு கால் நுனியிலும் மூடி மாதிரி மாட்டியிருக்கும் கப்புக்குள் சிவப்புத் தூள் இருந்தால் கிரீஸ் வற்றித் துரு பிடித்திருக்கிறது. கப்புக்குள் இருக்கும் நீடில் (ஊசி மாதிரி மெல்லிய உருளை) காலில் அச்சாகப் பதிந்து வரி வரியாக இருந்தால் அளவுக்கு மீறிய அழுத்தம். எங்களுடையதில் தூள் கொஞ்சம்தான், வரிகள் ஆழமாக இருந்தன.

யுனிவர்சல் ஜாயிண்ட் சாய்வாகச் சுழலும்போது ஒரே வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 8 டிகிரி சாய்வில் ஏறுவதும் இறங்குவதும் தலா சுமார் 1 சதவீதம். 14 டிகிரியில் தலா 3 சதவீதம். இரண்டு முனையிலும் சாய்வு சமமாக இருந்து, ஷாஃப்டின் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கிற கவை) ஒரே நேரில் இருந்தால், முன்னது கெடுப்பதைப் பின்னது சரிசெய்துவிடும். சமமாக இல்லாவிட்டால் மிச்ச ஆட்டம் ஷாஃப்டை உலுக்கும். சாய்வு அதிகமுள்ள முனைதான் அடி வாங்கும்.

முந்தைய உரிமையாளர் பாரத்துக்காகப் பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை வைத்து, ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷேக்கிளையும் நீளமாகப் போட்டிருந்தார். வண்டி உயர்ந்ததோடு அச்சும் திரும்பி, பினியன் மூக்கு (டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் மாட்டுகிற முனை) மேலே பார்த்தது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, செல்போனில் சாய்வு பார்க்கிற ஆப் வைத்து அளந்தால், கியர்பாக்ஸ் முனையில் 14 டிகிரி, டிஃபரன்ஷியல் முனையில் 8. போதாக்குறைக்கு ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் ஸ்லிப் ஜாயிண்டை யாரோ பல் மாற்றிக் கோத்திருந்தார்கள். இரண்டு பாதியிலும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் இல்லை, அதாவது யோக்குகளும் ஒரே நேரில் இல்லை.

பழைய அளவு ஷேக்கிள் போட்டோம், கூடுதல் பட்டையை எடுத்தோம். சாய்வு 9, 8 என்று வந்துவிட்டது. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைக்கிற வேலை தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்கள் இரும்பு ஆப்பே வாங்குங்கள்; அலுமினியம் மலைப்பாதையில் நசுங்கி வெடிக்கும். முன்முனை யோக்கின் துளை தேய்ந்து, கப் கையாலேயே உள்ளே போனது. அந்த யோக்கில் எந்தக் கிராஸ் போட்டாலும் நிற்காது, அதையும் மாற்றி ஷாஃப்டை பேலன்ஸ் செய்தோம்.

மாட்டும்போது சுத்தியலைத் தள்ளி வையுங்கள், வைஸில் வைத்து அழுத்துங்கள். கப்பை வெளியே வராமல் பிடிக்கிற சர்க்ளிப் வளையம் பள்ளத்தில் உட்காரவில்லையென்றால் பெரும்பாலும் ஒரு நீடில் சரிந்து கப்பின் அடியில் படுத்திருக்கும். இதைப் பார்க்காமல் சர்க்ளிப்பைத் தேய்த்து மெலிதாக்கி மாட்டுகிறவர்கள் உண்டு, வயிற்றெரிச்சல். பினியன் யோக்கின் யு-போல்ட்டை வெறி கொண்டு முறுக்கினால் கப் நசுங்கும். முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் வேண்டும்.

இப்போது பல மழைக்காலம் ஓடிவிட்டது, பின் ஷாஃப்டில் அதே கிராஸ்தான். கிரீஸ் அடிக்கிற நிப்பிள் உள்ள வகை. நிப்பிள் இல்லாததுதான் உறுதி என்பார்கள், உள்ளே துளை இல்லாததால் அது உண்மையும்கூட. ஆனால் சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் இறங்குகிற வண்டிக்குப் பழைய கிரீஸை வெளியே தள்ள வழி இருப்பதே எனக்கு முக்கியம். போடுவது லித்தியம் இபி (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸ், 2-ஆம் நம்பர். நான்கு கப்பின் சீலிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கிறோம். தண்ணீரில் இறங்கிவந்தால் அன்று மாலையே ஒரு ரவுண்டு.

குறை இல்லாமல் இல்லை. உயரம் குறைந்ததால் முழு பாரத்தில் பள்ளத்தில் இறங்கினால் அச்சு மேலே ஏறி பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கிறது. முன்பு ஒரே நடையில் கொண்டுபோன மூட்டைகளை இப்போது இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது, டீசல் கூடுதல். கியர்பாக்ஸ் பக்கத்து நிப்பிளுக்குச் சாதாரண கிரீஸ் கன் வாய் எட்டாது, ஊசி முனை அடாப்டர் தனியாக வாங்கியாக வேண்டும். ஸ்லிப் ஜாயிண்டில் லேசான ஆட்டம் தொடங்கியிருக்கிறது. அடுத்த செலவு அங்கேதான்.