போராட்டத்தில் தொடர்வதா, ஒதுங்குவதா?

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அன்று நடுவயதில் இருந்த அம்மாமார் பலருக்கு இப்போது வயது போய்விட்டது.

தொடர்ந்து போராட்டக் கொட்டகைக்கு வருபவருக்குத் தன் துயரைச் சொல்லாமலே விளங்கிக்கொள்ளும் ஆட்கள் கிடைக்கிறார்கள். அது பெரிய விசயம். அடுத்த தலைமுறைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்பது நடுவயதின் முக்கியத் தேவை என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். அதுவும் அங்கே நிறைவேறுகிறது. ஆனால் அரச புலனாய்வாளரின் கண்காணிப்பும் பதில் வராத மனுக்களும் நித்திரையைக் கெடுக்கின்றன.

ஒதுங்கி வீட்டையும் தோட்டத்தையும் பார்ப்பவருக்கு உடம்புக்கு ஓய்வு உண்டு, பேரப்பிள்ளைகளோடு நேரம் உண்டு. குற்றவுணர்ச்சிதான் சிலரை விடாது.

என்னைக் கேட்டால், முழுதாக விடவும் வேண்டாம், தினமும் வரவும் வேண்டாம். முறை வைத்து வரட்டும். வராத நாளில் அந்த அம்மாவிடம் யாரும் காரணம் கேட்கக்கூடாது.