டெல்லி நம்பர் சொகுசு கார் வாங்கப் போகிறீர்களா?

பழைய சொகுசு கார் தேடி யார்டு யார்டாகச் சுற்றுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2022 டிசம்பரில் நான் ஏமாந்த கதை.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. உரமூட்டை ஏற்றவும் குடும்பத்தோடு கோவை போகவும் ஒரே வண்டியாக வாங்க நினைத்தேன். கையில் 12 லட்சம். 2017 மாடல் இசுசு வி-கிராஸ் ஒன்றைப் பேசி வைத்திருந்தேன். ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. தொட்டி முழுக்கக் கீறல். காலியாகப் போனால் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். வீட்டம்மா ஒரு ரவுண்டு வந்துவிட்டு, "இடுப்பு போயிருங்க" என்றார்.

அப்புறம்தான் கோவையில் ஒரு யார்டில் அந்த ஜெர்மன் செடானைப் பார்த்தோம். டெல்லி நம்பர், 2013 டீசல், கறுப்பு, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன், 10.25 லட்சம். "டாக்டர் வண்டிங்ண்ணா, சிங்கிள் ஓனர், 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றார் விற்றவர். நாங்கள் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது; முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பிரேக் பெடல் ரப்பரில் வரி தேய்ந்து மொழுக்கென்று இருந்ததையும் பார்த்தேன். 58,000 ஓடிய வண்டிக்கு அது தேயாது என்று அப்போது உறைக்கவில்லை. சீட்டின் மெத்தையில் மயங்கிவிட்டேன், வேறென்ன.

பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் உத்தரவு போட்டது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதனால் அப்போது ஒன்பது வயதானதும் அங்கே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லாரி ஏறி நம்மூருக்கு வந்துவிடும். விலை மலிவுக்குக் காரணம் அதுதான்.

வாங்கிய நாலாம் நாள் காலை, கார் முன்பக்கம் இடது கால் மடங்கிய எருமை மாதிரி சாய்ந்து படுத்திருந்தது. காற்றுப் பை ஓட்டை. மெக்கானிக் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார். மீட்டரில் 58,000, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் 1,71,000. "மீட்டரை மட்டும் குறைச்சவன் இதை மறந்துட்டானுங்க" என்று சிரித்தார். காற்றுப் பை, கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேர்த்து 1.6 லட்சம். அதே மெக்கானிக் வி-கிராஸின் பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பற்றிச் சொன்னது: "உடைஞ்சா பொள்ளாச்சியிலேயே மாத்திக்கலாம்."

காகிதம் அதைவிட மோசம். வண்டியின் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் ஆப்பில் நம்பரைத் தட்டினேன். பணம் கொடுப்பதற்கு முன் தட்டியிருக்க வேண்டும். மூன்றாவது ஓனர், வங்கிக் கடன் நிலுவை. வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் 35ஆம் படிவமும் இல்லாமல் ஆர்.சி. என் பெயருக்கு மாறாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியாக வேண்டும், ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்த வரி, நான் கொடுத்த 10.25 லட்சத்துக்கு இல்லை. புதிதில் விற்ற விலையை வைத்து வயதுக்கேற்பப் போடுவது. யார்டில் இதில் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசீதில் "உள்ளது உள்ளபடி" என்று எழுதி என் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். இப்போது போன் செய்தால், "பார்த்துத் தர்றோங்ண்ணா."

செடான் தகரக் கொட்டகையில் நிற்கிறது. அந்த வி-கிராஸை எங்கள் ஊர்க்காரரே வாங்கிவிட்டார். உரம் ஏற்ற அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறேன். டீசல் போட்டுக் கொடுத்தால் சாவி தருகிறார்.