கிளாஸ் கணக்கில் ஒயின் வாங்கும்போது பாட்டிலைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

குடியிருப்புப் பகுதிக்குள் இருக்கும் சின்ன ஒயின் பார் ஒன்றில் நடந்தது இது. கடையின் பெயர் வேண்டாம். இந்த வேலை அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை. மேசையில் நான்கு பேர். தயாரிப்பாளர் பெயர், விளைச்சல் ஆண்டு, கிளாஸுக்கு 150 மில்லி என்று எல்லாம் மெனுவில் அச்சிட்டிருந்த ஒரு சிவப்பு ஒயினைச் சொன்னார்கள். முதல் சுற்றில் குறை இல்லை. இரண்டாவது சுற்று உள்ளேயே ஊற்றப்பட்டு, தட்டில் வைத்து வந்தது. அளவு கண்ணுக்கே குறைவாகத் தெரிந்தது. ஒயினின் ஓரம் பழுப்பேறியிருந்தது. முகர்ந்தால் அடிபட்ட ஆப்பிள் வாடை. பாட்டிலைக் காட்டச் சொன்னதும் வந்தது வேறு ஆண்டுப் பாட்டில், அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு. “அதே ஒயின்தாங்க, வருஷம்தான் வேற” என்றார் பரிமாறியவர். பில்லில் எட்டு கிளாஸுக்கும் ஒரே விலை.

அளவு, ஆண்டு, பழசு என்று ஒரே சுற்றில் மூன்று ஏமாற்று. மூன்றுமே நடக்க முடிந்ததற்குக் காரணம், பாட்டில் மேசைக்கு வராததுதான்.

இதன் பின்னாலுள்ள கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான பாட்டிலில் 750 மில்லி. 150 வீதம் ஊற்றினால் ஐந்து கிளாஸ், 125 ஆகக் குறைத்தால் ஆறு. பல கடைகளில் முதல் கிளாஸின் விலையிலேயே பாட்டிலின் கொள்முதல் விலை வந்துவிடும்படி விலை வைப்பது வழக்கம். ஆக, கடைசி கிளாஸ் முழுக்க லாபம். கெட்டுப்போன கடைசி கிளாஸைக் கொட்ட மனம் வராததும் அதனால்தான்.

திறந்த பாட்டிலுக்குள் காற்று புகுந்ததும் ஒயின் ஆக்சிஜனோடு வினைபுரியத் தொடங்குகிறது. மூடி போட்டுக் குளிரில் வைத்தால், பெரும்பாலான ஒயின்கள் மூன்றிலிருந்து ஐந்து நாள் தாங்கும். நுரைக்கும் ஒயின் அவ்வளவுகூடத் தாங்காது. ஆர்கான் வாயு செலுத்திப் பாதுகாக்கும் கருவி இருந்தால் இன்னும் நீளும். அது இல்லாத கடையில், மெனுவில் இருபது ஒயின் கிளாஸ் கணக்கில் கிடைக்கும் என்று பார்த்தால் மகிழ வேண்டாம். கூட்டம் குறைவான நாளில் அத்தனை பாட்டிலும் எப்படித் தீரும்? அங்கே அதிகம் விற்கும் இரண்டு மூன்றில் ஒன்றைக் கேட்பதுதான் பத்திரம். வாரத்தின் மந்தமான நாளில், அதுவும் கடை திறந்த உடனே போகிறவர்களுக்குத்தான் பழைய மிச்சம் அதிகம் வந்து சேரும்.

கெட்டதைக் குளிர் மறைக்கும். கிளாஸ் வியர்க்கும் அளவுக்குச் சில்லென்று வெள்ளை ஒயின் வந்து, மணமே இல்லை என்றால், கிண்ணப் பகுதியை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திச் சில நிமிடம் வைத்திருங்கள். 8 முதல் 12 டிகிரிக்குள் வந்ததும் உண்மை வெளிவரும். வினிகர் நெடியோ நகப்பூச்சு நெடியோ அடித்தால் தொடவே வேண்டாம். சிவப்பில் தலைகீழ்: அடுப்பங்கரைச் சூட்டில் நின்ற பாட்டிலிலிருந்து ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். கனமான சிவப்புக்கே 16 முதல் 18 டிகிரி போதும். இது ஏமாற்று இல்லை, அலட்சியம். பாட்டிலைப் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அளவைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். பெரிய கிண்ணக் கிளாஸில் 150 மில்லி கொஞ்சமாகத் தெரியும், சின்னதில் 100 மில்லியே நிறைவாகத் தெரியும். அளவுக் கோடு போட்ட கிளாஸையோ அளவுக் குவளையையோ கேளுங்கள். 500 மில்லி குடுவையில் வாங்கினால் சோதனை எளிது: 150 வீதம் மூன்று கிளாஸ் ஊற்றிய பின்னும் அடியில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “பாட்டிலை இங்க கொண்டுவந்து ஊத்துங்க. இது என்னைக்குத் திறந்தது?” நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். புதுப் பாட்டிலே திறக்கிறேன் என்று சொல்பவர்களும் உண்டு.

முழு பாட்டில் வாங்கினால் லேபிளில் தயாரிப்பாளர், ஊர், ஆண்டு மூன்றையும் மெனுவோடு ஒப்பிட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். திறந்த நிலையில் வந்த பாட்டிலைத் திருப்பி அனுப்புங்கள். முதலில் ஊற்றும் அந்தச் சிறு மடக்கு, பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு இல்லை. கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க் கோளாறு. டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் அதற்குக் காரணம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பலரது மூக்குக்குத் தெரிந்துவிடும். வைத்திருந்தால் போகாது, கூடும். மிதக்கும் கார்க் துணுக்கும், அடியில் படியும் வெள்ளைப் படிகமும் குறை அல்ல. அதற்காகச் சண்டை போட்டால் பரிமாறுகிறவர் முன்னால் நம் பேச்சு எடுபடாது. பாதி பாட்டில் காலியான பிறகு புகார் சொன்னாலும் அப்படித்தான்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டிய இடம் ‘சந்தை விலை’ என்று மட்டும் எழுதிய மீன். விலை பெரும்பாலும் 100 கிராமுக்குச் சொல்லப்படும், எடை சுத்தம் செய்வதற்கு முந்தையதாக இருக்கும். சமைப்பதற்கு முன்பே எடையையும் மொத்த விலையையும் கேட்டு வாங்குங்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்துவிட்டு, கார்டு மெஷினில் மறுபடி டிப்ஸ் கேட்பதும் நடக்கிறது. வரி வரியாகப் படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். வெளிநாட்டில் உங்கள் ஊர்ப் பணத்தில் கட்டலாமா என்று மெஷின் கேட்டால், அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் கூடுதலாக ஒரு பங்கை எடுத்துவிடுவார்கள்.

தகராறு வரும் என்று தோன்றினால் மெனுப் பக்கத்தையும் லேபிளையும் போட்டோ எடுத்துவிட்டு மேலாளரைக் கூப்பிடுங்கள். அந்த இரண்டாவது சுற்றின் நான்கு கிளாஸும் பில்லிலிருந்து நீக்கப்பட்டது, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான். கார்டைத் தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.