ஏலக்காய் ரகப் பட்டியல்: டெம்ப்ளேட் கோப்பா, குவெரி லூப்பா?

போடி, கம்பம் பக்கம் ஏலக்காய் வியாபாரிகளுக்கு வேர்ட்பிரஸ் தளம் செய்து தருபவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் நின்று யோசிப்பார்கள். 'ரகம்' என்று கஸ்டம் போஸ்ட் டைப் (நாமே உருவாக்கும் பதிவு வகை) பதிந்தாயிற்று. காயின் மில்லிமீட்டர் அளவு, நிறம், கிலோ விலை எல்லாம் ஃபீல்டில் (பதிவோடு சேரும் தனித் தகவல் கட்டத்தில்) ஏற்றியாயிற்று. இனி அதைப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது? சைல்டு தீமில் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) ஆர்க்கைவுக்கு, அதாவது எல்லா ரகமும் வரும் பட்டியல் பக்கத்துக்கு ஒன்று, சிங்கிளுக்கு, அதாவது ஒரு ரகத்தின் தனிப் பக்கத்துக்கு ஒன்று என பிஹெச்பி டெம்ப்ளேட் கோப்பு எழுதலாம். இல்லை, பிளாக் எடிட்டரில் பதிவுகளைப் பட்டியலிடும் பிளாக்கான குவெரி லூப்பிலேயே முடித்துக்கொள்ளலாம். என் ஓட்டு கோப்புக்கு.

முகப்பில் புதிதாக வந்த மூன்று ரகத்தைக் காட்ட குவெரி லூப் தாராளமாகப் போதும். போஸ்ட் டைப்பைப் பதியும்போது 'ஷோ இன் ரெஸ்ட்' (show_in_rest) ட்ரூ என்று கொடுங்கள். இல்லையென்றால் லூப்பின் பட்டியலில் 'ரகம்' தலைகாட்டாது.

சிக்கல் வரிசையில்தான். வாங்க வருபவர் முதலில் 8 மி.மீ. காயைத் தேடுவார், பெரிய காய் மேலே நிற்க வேண்டும். குவெரி லூப் தேதிப்படியும் தலைப்புப்படியும் அடுக்கும். ஃபீல்டுப்படி அடுக்க வேறு ப்ளகின் தேட வேண்டும், இல்லாவிட்டால் கோடுதான். கோப்பு வழியில் 'ப்ரீ கெட் போஸ்ட்ஸ்' (pre_get_posts) ஹூக்கில், அதாவது பதிவுகளை எடுக்கும் முன் நம் கோடை நுழைக்கும் இடத்தில், சில வரிகளில் வேலை முடியும். அட்மின் பக்கம் இல்லை, மெயின் குவெரிதான் (பக்கத்துக்காக வேர்ட்பிரஸ் தானே பதிவுகளை எடுக்கும் தேடல்), ரகத்தின் ஆர்க்கைவ்தான் என்று மூன்றையும் சோதித்துவிட்டு மெட்டா கீயையும் (ஃபீல்டின் பெயர்) 'மெட்டா வேல்யூ நம்' (meta_value_num, எண்ணாக அடுக்குவது) வரிசையையும் கொடுங்கள். அந்த 'நம்' விட்டுப்போனால் எழுத்தாக அடுக்கிவிடும்: விலை இறங்குவரிசையில் 950 மேலே, 1850 கீழே. 'நம்' இருந்தும் விலையை 1,850 என்று கமா போட்டு ஏற்றியிருந்தால் டேட்டாபேஸ் அதை வெறும் 1 என்றே படிக்கும். ஃபீல்டில் எண் மட்டும் இருக்கட்டும். கமாவும் ரூபாய்க் குறியும் டெம்ப்ளேட்டில் சேரட்டும். இன்னொன்று: அந்த ஃபீல்டே இல்லாத ரகம் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும்.

ஆர்க்கைவ் கோப்புக்குள் புதிதாக ஒரு டபிள்யூபி குவெரி (WP_Query, பதிவுகளை எடுக்கும் தனித் தேடல்) எழுதாதீர்கள். பக்க எண்ணிக்கையை மெயின் குவெரிதான் தீர்மானிக்கிறது; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கடைசிப் பக்கங்கள் 404 (பக்கம் இல்லை) என்று வரும்.

முதல் நாளே 404 வந்தால் 'ஹேஸ் ஆர்க்கைவ்' (has_archive) ட்ரூவா என்று பார்த்துவிட்டு, அமைப்புகளில் பெர்மாலிங்க் (பக்க முகவரி) பக்கத்தில் ஒருமுறை சேமியுங்கள். போஸ்ட் டைப்பின் உள்பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில், 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்லக்கையும் (முகவரியில் வரும் பதிவின் பெயர்) ஆங்கிலத்திலேயே வையுங்கள்: தமிழில் உயிர்மெய்க்குறி உட்பட ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும், ஸ்லக்குக்கு இடமோ 200 எழுத்துதான். எல்லை தாண்டி விற்பவர்கள் வைக்கும் மலையாளத் தலைப்புக்கும் இதே கதி.

இதெல்லாம் பிஹெச்பி கோப்புகளால் ஆன கிளாசிக் தீமுக்கு, சில நூறு பதிவுகளுக்குள். டெம்ப்ளேட்டையே பிளாக்குகளால் அமைக்கும் பிளாக் தீம் என்றால் ஆர்க்கைவ் டெம்ப்ளேட்டில் குவெரி லூப்பை வைத்து, டெம்ப்ளேட்டின் குவெரியையே எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். ஹூக்கில் கொடுத்த வரிசை அங்கேயும் அப்படியே வரும்.