சிங்கப்பூரில் 268 வெள்ளி (டாலர்) போனது: வீட்டில் சோல்டரிங் கற்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

எனக்கு சோல்டரிங் (உலோகத்தை உருக்கி வயர், போர்டு இணைப்புகளைப் பற்றவைப்பது) செட்டும் வகுப்பும் விற்ற ஆள் நேற்று இரவு என் எண்ணைத் தடுத்துவிட்டார். படம் மறைந்துவிட்டது, அனுப்புகிற செய்திக்கு ஒரு டிக்தான் விழுகிறது. ஆறு வாரம் இழுத்தடித்ததற்குக் கடைசிப் பதில் இதுதான். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும். முதன்முதலாக சோல்டரிங் பழகுகிறவர்கள் எதை வாங்கலாம், எதில் ஏமாறாமல் இருக்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

அப்பாவிடம் ஒரு பேட்டரி ரேடியோ இருந்தது. அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் பொழுது விடிவதே ஒலி 96.8 தமிழ் வானொலியில்தான். அவர் தவறிய பிறகு அலமாரியில் கிடந்ததை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், சத்தம் இல்லை. திறந்தால் ஸ்பீக்கர் வயர் போர்டிலிருந்து விட்டுப்போயிருந்தது. அப்பாவுக்கு அது ஐந்து நிமிட வேலை. சுங்கை ரோடு சந்தையில் (2017இல் மூடிவிட்டார்கள்) பழைய சாமான்களை வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்துப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ரேடியோவை வெளியில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே கற்றுக்கொண்டு சரிசெய்வது என்று முடிவு செய்தேன்.

ஆட்கள் தங்களுக்குள் பொருள் வாங்கி விற்கிற ஓர் ஆன்லைன் தளத்தில் விளம்பரம் பார்த்தேன். சோல்டரிங் ஸ்டேஷன் (சூட்டை மாற்றிவைக்கும் பெட்டியும் அயர்ன் என்கிற சூட்டுக்கோலும்), சோல்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகக் கம்பி) சுருள், பழகுவதற்கு எல்இடி போர்டு எல்லாம் சேர்ந்த செட் 148 வெள்ளி, நான்கு நேரடி வகுப்புகள் 120 வெள்ளி. மொத்தம் 268. விசாரித்தபோது தமிழிலேயே பதில் வந்தது. "வணக்கம் அக்கா" என்று தொடங்கினார். ரேடியோ விஷயத்தைச் சொன்னேன். "அப்பாவோட ரேடியோவா? நாலாவது கிளாசுக்கு எடுத்துட்டு வாங்கக்கா, நாமளே சேர்ந்து பாட வச்சிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன்.

அப்படியும் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்கவில்லை. உபி பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் சின்ன அறை. அவருடைய அயர்னை எடுத்தார், அதன் முனையான டிப்பைப் பித்தளைச் சுருளில் துடைத்தார், போர்டிலுள்ள செம்புத் திட்டையும் உதிரிப்பாகத்தின் கம்பிக் காலையும் சேர்த்துச் சூடாக்கி சோல்டரைத் தொட்டார். இரண்டே விநாடியில் உருகிப் பரவி, சின்ன எரிமலை மாதிரி பளபளவென்று நின்றது. என்னையும் ஒன்று செய்யச் சொன்னார். எனக்கும் வந்தது! "பார்த்தீங்களா, உங்க கையில அப்பா இருக்காரு. இதே செட்தான் உங்களுக்கும்" என்றார். கடைசி செட், இன்னொருவர் கேட்கிறார், முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பினால் எடுத்து வைப்பேன் என்றார். அங்கேயே நின்று 268 வெள்ளியை பேநவ்வில் (கைப்பேசி வழியே நேராக அவர் வங்கிக் கணக்குக்கு) அனுப்பினேன். தளத்தின் வழியாகக் கட்டவில்லை. தம்பி என்று நம்பினேன்.

பெட்டி மூன்று நாளில் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அவர் காட்டியது போலத்தான் இருந்தது.

பிள்ளைகள் தூங்கிய பிறகு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். சோல்டர் உருகவே நேரம் எடுத்தது. உருகினாலும் பிடிக்கவில்லை, பாதரசம் மாதிரி உருண்டையாகி டிப்போடு ஓடியது. 350 டிகிரி வைத்தேன், 400 வைத்தேன். அதிக நேரம் சூடு காட்டியதில் போர்டின் செம்புத் தகடே உரிந்து வந்தது. இரண்டாம் நாளே டிப் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. படம் எடுத்து அனுப்பினால் "கை பழகணும்க்கா" என்று பதில். அடுத்த வாரம் "நீங்க ஓவர் ஹீட் பண்றீங்கக்கா". அதற்கடுத்து "டிப்பைச் சரியா டின் பண்ணலை, அதான்" (டிப்பில் முதலில் சோல்டரைப் பூசிவைப்பதுதான் டின் பண்ணுவது). மூன்று வாரம் நான் அதை நம்பினேன். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். புதிதாகப் பழகுகிறவருக்குக் குறை கையிலா கருவியிலா என்று தெரியாது. அது தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டே அந்த ஆள் என் கையைக் குறை சொன்னார். அப்பாவின் கை எனக்கு வரவில்லை என்று ஓர் இரவு அழுதேன்.

வகுப்பா? முதல் சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். அடுத்த சனி அறை கிடைக்கவில்லை. அப்புறம் "ஆறு பேர் சேர்ந்ததும் ஆரம்பிக்கலாம்".

கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அத்தான் ஒரு ஞாயிறு சாப்பிட வந்தார், அவரிடம் காட்டினேன். சோல்டரை உருக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஃபிளக்ஸே இல்லையேம்மா, புகையும் வரலை, வாசனையும் இல்லை. எப்படிப் பிடிக்கும்?" என்றார். சோல்டர் உலோகத்தில் பிடிக்க உதவும் பொருள்தான் ஃபிளக்ஸ். சுருளில் 63/37 என்று ஒட்டியிருக்கிறது. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம் கலந்த சோல்டர் 183 டிகிரியிலேயே உருக வேண்டும். இது முழுதாக உருக 300 தாண்டியது. அத்தான் அடுத்து மின்தொடர்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை எடுத்து, பிளக்கின் எர்த் முனைக்கும் டிப்புக்கும் இடையே வைத்தார். தொடர்பு இருந்தால் வர வேண்டிய பீப் சத்தம் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் எர்த் வயர் எதிலும் பொருத்தப்படாமல் அந்தரத்தில் தொங்கியது. 230 வோல்ட் கருவி, எர்த் உள்ளது என்று விளம்பரத்தில் எழுதி விற்றது. என் பிள்ளைகள் நடமாடும் மேசையில் மூன்று வாரம் அதை வைத்திருந்தேன்.

மறுநாள் ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவருக்குப் போய், ஃபிளக்ஸ் உள்ளே வைத்த சோல்டர் ஒரு சின்னச் சுருளும் சாதாரண அயர்ன் ஒன்றும் வாங்கினேன். அதே கை, அதே மேசை. முதல் இணைப்பே பளபளத்தது.

உடனே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "யூஸ் பண்ண பொருளை எப்படிக்கா வாங்கிக்கிறது?" சரி, நடக்காத வகுப்புக்கான 120 வெள்ளியையாவது கொடுங்கள் என்றேன். "கிளாஸ் நடக்கும்க்கா, பொறுமையா இருங்க." எர்த் வயர் படத்தை அனுப்பினேன். நீங்கள்தான் திறந்து கழற்றியிருப்பீர்கள் என்றார். உபி அறைக்கு நேரில் போனேன். அது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அறையாம், அந்தப் பெயரில் யாரையும் தெரியாது என்றார்கள். தளத்துக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஒன்றும் செய்ய முடியாது என்று இயந்திரம் எழுதியது போல இரண்டு வரி. அதே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். 268 வெள்ளி பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்லலாம். எங்கள் வீட்டில் அது பிள்ளையின் இரண்டு மாதத் துணைப்பாடக் கட்டணம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். வகுப்புக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தரப்போகும் பெட்டியையே பிரித்து, அதிலிருக்கும் சோல்டரால் கண்முன் பற்றவைக்கச் சொல்லுங்கள். எர்த் உள்ள கருவி என்றால் யாரிடமாவது மல்டிமீட்டர் வாங்கிச் சோதித்த பிறகே மின்சாரத்தில் செருகுங்கள். விற்பவரின் முழுப்பெயர், முகவரி இரண்டும் ரசீதில் வேண்டும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் என்னைப் போன்றவர்கள் 5,000 வெள்ளி வரையிலான வழக்குக்கு 10 வெள்ளி கட்டினால் போதும், இரண்டு வருட அவகாசமும் உண்டு. ஆனால் யார் மேல், எந்த முகவரிக்கு என்று எழுத வேண்டுமே. என் கையில் இருப்பது இப்போது எடுக்காத ஒரு கைப்பேசி எண்.

நாளை காலை போலீஸ் புகார் கொடுக்கிறேன், பயனீட்டாளர் சங்கத்துக்கும் போகிறேன். அந்த விளம்பரம் இன்று மதியம் வேறு பெயரில் மறுபடி வந்திருக்கிறது, அதே படங்கள், அதே 268 வெள்ளி. உபி அறையில் இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்த்துக் கொடுக்கலாம்.