£ போட்ட கீபோர்டு: உள்ளே மாற்றுவதா, வெளியே மாற்றுவதா?

அக்கா மகன் மான்செஸ்டரில் படிப்பை முடித்துக்கொண்டு செந்தூலுக்குத் திரும்பியதும், தன் பழைய மடிக்கணினியை என் தலையில் கட்டிவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டான். நல்ல கணினிதான். ஆனால் கீபோர்டு பிரிட்டிஷ் அமைப்பு. 3-க்கு மேல் £ இருக்கும். கோலாலம்பூர் கடைகளில் நாம் பார்த்துப் பழகியது அமெரிக்க அமைப்பு. விண்டோஸிலும் பிரிட்டிஷ் அமைப்பே இருந்ததால், ஒரு மாதம் அச்சைப் பார்த்துப் பார்த்து அடித்துப் பழகினேன்.

அப்புறம்தான், விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டிக்காட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில், லினக்ஸ் வகையான உபுண்டுவை நிறுவினேன். நிறுவும்போது கேட்ட அமெரிக்க அமைப்புக்கு யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். @ விசையை அழுத்தினால் " வந்தது. # விசைக்கு \ வந்தது.

விசை எழுத்தை அனுப்புவதில்லை. தான் எந்த இடத்து விசை என்பதற்கான எண்ணைத்தான் அனுப்புகிறது. வர்ச்சுவல்பாக்ஸ் அந்த எண்ணை உள்ளே கொடுக்க, உபுண்டு தன் அட்டவணைப்படி அதை எழுத்தாக்குகிறது. விசையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. விண்டோஸில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளே இருப்பதற்குக் கவலையில்லை.

ஒட்டுப்போடும் வழிகள் சில உண்டு. வெளியே நகலெடுத்து உள்ளே ஒட்டலாம். அதற்குக் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை உள்ளே நிறுவ வேண்டும், கடவுச்சொல் திரையில் உதவாது. முப்பது நாற்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) வெளிக் கீபோர்டு வாங்கலாம். மாமாக் கடை மேசையில் ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்குக்கும் நடுவே அதை எங்கே வைப்பது? நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து கட்டளையிடும் எஸ்எஸ்எச் மட்டும் உருப்படியான வழி. விண்டோஸின் 2222 போர்ட்டை உள்ளே இருக்கும் 22-க்குத் திருப்பிவிட்டால், விண்டோஸ் டெர்மினலில் அடிப்பது எழுத்தாகவே போய்ச் சேரும், தகராறே இல்லை. ஆனால் உள்ளே நெட்வொர்க்கைக் கெடுத்துக்கொண்ட நாளில் மறுபடி வர்ச்சுவல்பாக்ஸின் கறுப்புத் திரைதான்.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவே. உபுண்டுவை பிரிட்டிஷ் ஆக்குவதா? அல்லது உபுண்டுவை அப்படியே விட்டுவிட்டு, விண்டோஸையும் அமெரிக்க அமைப்புக்கு மாற்றி, அச்சை மறந்துவிடுவதா?

முதல் வழியில்தான் இறங்கினேன். செட்டிங்ஸில் ஒரு நிமிட வேலை. அச்சில் இருப்பதே திரையில் வரும். ஆனால் நான் மாற்றியது என் கணக்குக்கு மட்டும். உள்நுழையும் திரை பழைய அட்டவணையிலேயே இருந்தது. கடவுச்சொல்லில் ஒரு @. திரையில் தெரிவது புள்ளிகள் மட்டும், தப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கணினி முழுவதற்குமான அமைப்பை டெர்மினலில் தனியாக மாற்றிய பிறகே சரியானது. கொஞ்ச நாளில் எதையோ சோதிக்கப்போய் முன்பு சேமித்துவைத்த பழைய நிலைக்கு, அதாவது ஸ்னாப்ஷாட்டுக்கு, திரும்பினேன். மாற்றியதெல்லாம் போயிற்று.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புத் தொல்லைதான். மாதத்துக்கு இரண்டு மூன்று வர்ச்சுவல் மெஷின் உருவாக்கி அழிக்கிறவன் நான். ஒன்றில் மாற்ற மறந்துவிட்டு, ஒரு பெரிய பதிவுக் கோப்பை | போட்டு, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் கட்டளைக்கு அனுப்பினேன். பிரிட்டிஷ் கீபோர்டில் | இருப்பது இடது ஷிப்டுக்குப் பக்கத்தில். அமெரிக்க அட்டவணை உள்ள லினக்ஸில் அந்த விசை > தரும்; அதற்குப் பொருள், பின்னால் வரும் பெயருள்ள கோப்பில் எழுது என்பது. திரையில் ஒன்றும் வரவில்லை. லெஸ் என்ற பெயரில் புதுக் கோப்பு ஒன்று முளைத்திருந்தது. நல்லவேளை, அந்தப் பெயரில் ஏற்கெனவே எதுவும் இல்லை. இருந்திருந்தால் மேலெழுதிப் போயிருக்கும்.

அன்றைக்கே விண்டோஸை அமெரிக்க அமைப்புக்கு மாற்றினேன். ஒரே ஒரு தடவை செய்யும் வேலை. அமெரிக்க அமைப்புதான் பெரும்பாலும் முன்னிருப்பு. லினக்ஸ் கிளம்பும் முன் வரும் கிரப் திரையும் அப்படித்தான். புது மெஷினில் எதையும் தொடவேண்டாம். பழைய விரல் பழக்கம் ஒரு வாரத்தில் திரும்பியது. (அதை மாற்றாமலே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை!) மாறும் விசைகள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும், ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். £ போயிற்று, போகட்டும். வெள்ளிக்கு ஆரும் எம்மும் போதும். இடது ஷிப்ட் மட்டும் குட்டையாக இருப்பதால் இன்னும் சில நேரம் விரல் தவறுகிறது.

ஒரே மெஷினை வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கும், பார்த்து அடிப்பவருக்கும் முதல் வழியே மேல். என் அனுபவம் பிரிட்டிஷ் கீபோர்டோடு சரி. ஒய்யும் இசட்டும் இடம் மாறிக் கிடக்கும் ஜெர்மன் கீபோர்டு என்றால், இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

போன வாரம் அக்கா மகன் வந்து மின்னஞ்சல் முகவரி அடிக்கப்போனான். "மாமா, கீபோர்டு கெட்டுப்போச்சா?" என்றான். ஸ்டிக்கரை அவன் கவனிக்கவில்லை. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, அவனுடைய பழைய அமைப்பை வரவழைத்துக் கொடுத்தேன்.