பொருள்களை எதை வைத்துப் பிரிப்பது: பிணைப்பா, பயனா?

பொறியியல் பொருள்களை வகைப்படுத்துவதில் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. அணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்று பார்த்து உலோகம், பீங்கான், பலபடி (பாலிமர்), கூட்டுப்பொருள் எனப் பிரிப்பது ஒன்று; என்ன வேலைக்கு உதவும் என்று பார்த்துக் கட்டுமானப் பொருள், மின்கடத்தி, குறைகடத்தி, காந்தப்பொருள் எனப் பிரிப்பது மற்றொன்று.

முதல் வழி காரணத்தைச் சொல்லும். உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஓர் அணுவுக்கென்று கட்டுப்படாமல் உலவுவதால், அணு அடுக்குகள் வழுக்கி நகர்ந்தாலும் பிணைப்பு அறுவதில்லை. செம்பைக் கம்பியாக இழுக்க முடிவது இதனால்தான். அலுமினாவில் (அலுமினிய ஆக்சைடு) அயனி அடுக்குகள் எளிதில் நகர்வதில்லை. ஆகவே 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டியும் உருகாத அந்தப் பீங்கான், கைதவறி விழுந்தால் உடைந்துபோகிறது. பாலிஎத்திலீனை உருக்கி மறுபடி வார்க்கலாம்; மூலக்கூற்றுச் சங்கிலிகள் குறுக்கே பிணைந்த பேக்கலைட்டோ உருகாமல் கருகும். ஆனால் கூட்டுப்பொருள் இந்தப் பட்டியலில் இடம்பெற்றது எனக்கு எப்போதும் உறுத்தல்தான்: கம்பியிட்ட கான்கிரீட்டை ஒரு வகையாக்குவது பிணைப்பன்று, சேர்க்கை.

பயன்வழிப் பிரிவு தேர்வுக்கு நேரடியாக உதவும். எனினும் கம்பியிலும் குழாயிலும் பயன்படும் செம்பை இரண்டு இடங்களில் எழுத வேண்டிவரும். பிணைப்புவழிப் பிரிவுக்குச் சங்கடம் வேறு. பலபடி என்றாலே மின்காப்பு என்றிருந்த எண்ணத்தை, மின்கடத்தும் பலபடிகளைக் கண்டறிந்து 2000-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவர் மாற்றிவிட்டனர்.

பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதா, அது எப்படி உழைக்கிறது என்பதா என்ற இந்தப் போட்டி கூர்மையாவது வார்ப்பிரும்பில். கார்பன் சுமார் 2.1 விழுக்காட்டுக்குக் குறைந்தால் எஃகு, மிகுந்தால் வார்ப்பிரும்பு என்பது பாடம். ஆனால் ஏறத்தாழ ஒரே அளவு கார்பன் கொண்ட இரண்டு வார்ப்பிரும்புகள் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும். சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில் செதிலாக இருப்பதால் அது அதிர்வை விழுங்குகிறது. லேத் எனும் கடைசல் இயந்திரத்தின் படுகைக்கு அதைத் தேர்வது அதற்காகவே. அந்தச் செதில்களின் முனையில் தகைவு (உள்ளே எழும் விசையின் செறிவு) குவிவதால் அது நொறுங்கவும் செய்யும். உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால் கிராஃபைட் உருண்டையாகிவிடும், இழுத்தால் இரும்பும் உடனே உடையாமல் நீளும். சேர்மான விழுக்காடு இந்த வேறுபாட்டைக் காட்டாது. அதனால்தான் இந்தியத் தரக்குறியீடுகளில் சாம்பல் வார்ப்பிரும்புக்கான எஃப்ஜி 200 என்பதும் உருண்டைக் கிராஃபைட் வார்ப்பிரும்புக்கான எஸ்ஜி 400/15 என்பதும் கார்பன் அளவைச் சொல்லாமல் இழுவலிமையை மெகாபாஸ்கலில் சொல்கின்றன. கடைசியிலுள்ள 15, அறுவதற்குள் நீளும் நீட்சியின் விழுக்காடு.